ஒரே வரிசையில் நிற்கும் இரண்டு வறுமைகள்: அமெரிக்காவில் நிகரகுவாக்காரர்களும் டோங்காக்காரர்களும்

சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் நிகரகுவாக்காரர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே குடியிருக்கிறார்கள், பிறகு அங்கே மிஷன் பகுதி அவர்களுடைய இடமானது. மத்திய அமெரிக்கக் காபிக்கொட்டை கப்பலேறி வந்து வறுபட்ட துறைமுக நகரம் அது. கொட்டையோடு ஆட்களும் வந்தார்கள். அங்கிருந்து தெற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்துக்குள் சான் மட்டேயோ மாவட்டம். சான் புரூனோ, சான் மட்டேயோ, ஈஸ்ட் பாலோ ஆல்டோ என்று அங்கே பசிபிக் தீவு நாடான டோங்காவிலிருந்து வந்தவர்கள் பரவியிருக்கிறார்கள். ஈஸ்ட் பாலோ ஆல்டோவுக்கும் பணக்கார பாலோ ஆல்டோவுக்கும் நடுவே 101ஆம் எண் நெடுஞ்சாலை ஓடுகிறது. ஈஸ்ட் பாலோ ஆல்டோ பக்கம், 2010 கணக்கெடுப்பின்படி, நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் பசிபிக் தீவுக்காரர்கள்.

சமூகநலத் துறை அதிகாரி ஒருவர் அட்டவணை போட்டால் இந்த இரண்டு சமூகங்களும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் வந்து விழும். குறைந்த கூலிச் சேவை வேலை, நெரிசலான வீடு, ஒவ்வொரு மாதமும் ஊருக்குப் போகும் பணம். ஆனால் இந்த இரண்டு வறுமைகளும் வெவ்வேறு இடத்தில் பிறந்தவை என்பதுதான் என் வாதம். நிகரகுவாக்காரருக்குக் குறைவது காகிதம், அதாவது தங்குவதற்கான சட்ட அனுமதி. டோங்காக்காரரிடம் சொந்தபந்தம் நிறையவே இருக்கிறது, அதற்கு ஒரு விலையும் இருக்கிறது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். 2010 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் நிகரகுவா வம்சாவளியினர் சுமார் 3,48,000 பேர். டோங்கா வம்சாவளியினர் சுமார் 57,000. டோங்காவின் மக்கள்தொகையே ஒரு லட்சம்தான். நியூசிலாந்தில் 2018 கணக்கெடுப்பில் டோங்காக்காரர்கள் 82,000 பேருக்கு மேல். அதாவது ஊரில் இருப்பவர்களைவிட வெளியே இருப்பவர்கள் அதிகம். அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நிகரகுவாவில் புலம்பெயர்வு ஒரு பெரிய வெட்டுக்காயம் என்றால், டோங்காவில் அதுவே வாழ்க்கையின் அமைப்பு.

விட்டுவந்த நிலம்

யார் எதற்காகக் கிளம்பினார்கள் என்று கேட்பது வழக்கம். கிளம்பிய பிறகு ஊரில் அவர்களுடைய சொத்து என்ன ஆனது என்று கேட்பது இன்னும் நல்லது.

நிகரகுவாவில் 1979 ஜூலை 17 அன்று சர்வாதிகாரி சொமோசா மயாமிக்குப் பறந்தார். இரண்டு நாள் கழித்து சாண்டினிஸ்டாக்கள் என்ற இடதுசாரிப் புரட்சியாளர்கள் தலைநகர் மனாகுவாவுக்குள் நுழைந்தார்கள். முதலில் வெளியேறியவர்கள் சொமோசாவின் வட்டாரத்து நிலக்கிழார்களும் பெரிய வணிகர்களும். அடுத்து மருத்துவர், பொறியாளர், கணக்காளர் போன்ற நடுத்தர வர்க்கம். எண்பதுகளின் பிற்பாதியில் வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் ஏழைகள். ஒரு பக்கம் சாண்டினிஸ்டாக்களை எதிர்த்த கான்ட்ரா ஆயுதக் குழுக்களின் போர், 1983இல் தொடங்கிய கட்டாய ராணுவ சேவை. இன்னொரு பக்கம் 1985இல் அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு போட்ட வணிகத் தடை, 1988இல் ஐந்து இலக்கத்தைத் தொட்ட பணவீக்கம். பதினேழு வயது மகனைப் போர்முனையிலிருந்து காப்பாற்ற வீட்டை விற்றுவிட்டு வடக்கே நடந்த குடும்பங்கள் ஏராளம்.

இதில் கவனிக்க வேண்டியது 1981இல் வந்த 760ஆம் எண் ஆணை. ஆறு மாதத்துக்கு மேல் நாட்டை விட்டு வெளியே இருந்தால் சொத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்றது அது. நாட்டை விட்டுப் போவதையே ஓர் அரசியல் முடிவாகப் பார்த்து, அதற்கு அரசு விதித்த தண்டனை. நாற்பது ஆண்டு கழித்தும் இந்தப் பழக்கம் போகவில்லை. 2023 பிப்ரவரியில் சாண்டினிஸ்டாத் தலைவர் ஒர்டேகாவின் அரசு 222 அரசியல் கைதிகளை விமானத்தில் ஏற்றி வாஷிங்டனுக்கு அனுப்பிவிட்டு அவர்களுடைய குடியுரிமையைப் பறித்தது. சில நாளிலேயே இன்னும் 94 பேரின் குடியுரிமையும் சொத்தும் போயின.

டோங்காவில் கதை தலைகீழ். முழுமையாகக் காலனியாகாத ஒரே பசிபிக் அரசு என்று டோங்காக்காரர்கள் பெருமை பேசுவார்கள். 1900 முதல் 1970 வரை பிரிட்டனின் பாதுகாப்பில் இருந்தாலும் மன்னர் மன்னராகவே இருந்தார். 1875 அரசியலமைப்பிலிருந்து வளர்ந்த நிலச் சட்டப்படி பதினாறு வயதான ஒவ்வோர் ஆணுக்கும் எட்டேகால் ஏக்கர் சாகுபடி நிலம் உண்டு. நிலத்தை விற்க முடியாது. மக்கள்தொகை கூடியபோது, அறுபதுகளில், கொடுக்க நிலம் போதவில்லை. இளைய மகன்களுக்குச் சட்டத்தில் உரிமை இருந்தது, கையில் துண்டு நிலம் இல்லை. அப்புறம் என்ன, கிளம்பினார்கள். பெண்களுக்கோ நிலத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே கிடையாது. அவர்களும் கிளம்பினார்கள்.

ஆனால் கிளம்பியவனை யாரும் துரோகி என்று சொல்லவில்லை. ஏற்கெனவே நிலம் பெற்றிருந்தவர் நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குப் போனாலும் நிலம் அவர் பெயரில்தான் இருக்கும். தம்பியோ மச்சானோ கிழங்கு நட்டுக்கொண்டிருப்பார். 2007இல் இரட்டைக் குடியுரிமையும் வந்துவிட்டது. வெளியே போனது குடும்பத்தின் ஒரு கிளை, அவ்வளவுதான்.

உள்ளே வந்த வாசல்

அமெரிக்காவில் குடியேறிகளைப் பற்றி நிறைய எழுதிய சமூகவியலாளர் அலெஹாந்திரோ போர்ட்டெஸ், ஒரு சமூகம் தலையெடுக்குமா இல்லையா என்பதை மூன்று விஷயம் முடிவு செய்யும் என்பார்: அரசாங்கம் எப்படி வரவேற்றது, உள்ளூர் சமூகம் எப்படிப் பார்த்தது, முன்னாலேயே வந்த சொந்த இனத்தவர் எவ்வளவு பலமாக இருந்தார்கள். நிகரகுவாக்காரர்களின் கதையில் முதல் விஷயம் மற்ற இரண்டையும் விழுங்கிவிட்டது.

ரீகன் அரசு சாண்டினிஸ்டாக்களைக் கம்யூனிஸ்டுகள் என்று எதிர்த்தது. அப்படியானால் அங்கிருந்து தப்பி வருபவர்களுக்குக் கதவு திறந்திருக்க வேண்டும். திறந்தது, ஆனால் பாதி மட்டும். 1966 சட்டப்படி கியூபாக்காரர் ஒரு வருடம் தங்கினால் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். நிகரகுவாக்காரருக்கு அது இல்லை. 1987இல் அட்டர்னி ஜெனரல் எட்வின் மீஸ், அச்சத்துக்கு நியாயமான காரணம் உள்ள நிகரகுவாக்காரர்களை நாடுகடத்த வேண்டாம், வேலை அனுமதி கொடுங்கள் என்று உத்தரவிட்டார். அதே காலத்தில் எல் சால்வடோரிலிருந்து ஓடிவந்தவர்களின் நிலைமை? 1984இல் அவர்களுடைய அடைக்கல மனுக்களில் நூற்றுக்கு மூன்றுகூட ஏற்கப்படவில்லை. அவர்கள் ஓடிவந்தது அமெரிக்கா ஆதரித்த அரசிடமிருந்து. அகதி யார் என்பதை வாஷிங்டனின் எதிரி யார் என்பது தீர்மானித்தது.

1989 தொடக்கத்தில் டெக்சாஸ் எல்லை வழியாக வந்த கூட்டம் மயாமியை நிரப்பியது. இடமில்லாமல் பாபி மதுரோ பேஸ்பால் மைதானத்தில் குடும்பங்களைத் தங்கவைத்தார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரித் தேர்தலில் சாண்டினிஸ்டாக்களை எதிர்த்து நின்ற வியோலெட்டா சமோரோ வென்றதும் அமெரிக்காவின் பார்வையில் பிரச்சினை முடிந்துவிட்டது. ஆட்சி மாறிவிட்டதே, இன்னும் ஏன் இங்கே இருக்கிறீர்கள் என்ற கேள்வி வந்தது. ஏழைகளாகக் கடைசியில் வந்தவர்களுக்குத்தான் இது அதிகம் வலித்தது, அவர்கள் கையில் இருந்தது தற்காலிக வேலை அனுமதி மட்டும். 1996இல் குடியேற்றச் சட்டம் இறுகியபோது பத்து வருடம் அங்கேயே வாழ்ந்தவர்கள்கூட நாடுகடத்தலைப் பார்த்து நடுங்கினார்கள்.

காப்பாற்றியது மயாமியின் கியூப அரசியல்வாதிகள். குறிப்பாக லிங்கன் டியாஸ் பலார்ட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினர் முன்னின்று 1997 நவம்பரில் நகாரா என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். 1995 டிசம்பர் 1க்குள் வந்த நிகரகுவாக்காரர்கள் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதி 2000 மார்ச் 31. அதற்குள் மனுப் போட்டவர் வீடு வாங்கினார், பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பினார். தவறவிட்டவர் அதே தெருவில் அதே துடைப்பத்தோடு நின்றார். மிட்ச் புயலுக்குப் பிறகு 1999இல் கொடுத்த தற்காலிகப் பாதுகாப்பு சில ஆயிரம் பேருக்கு இன்னொரு சிறு கொழுக்கொம்பாக இருந்தது. ஒரே சமூகத்துக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வில் பாதியை, எந்த ஆண்டு எல்லை தாண்டினார்கள் என்ற ஒரே கேள்வியை வைத்தே விளக்கிவிடலாம்.

டோங்காக்காரர்களுக்கு வாஷிங்டன் எதையும் கொடுக்கவில்லை, பெரிதாக எதையும் எடுக்கவும் இல்லை. அமெரிக்கச் சமோவாக்காரர் போல விசா இல்லாமல் வரும் வசதி அவர்களுக்குக் கிடையாது. மார்ஷல் தீவுகளுக்கு இருப்பது போன்ற ஒப்பந்தமும் இல்லை. அவர்களுடைய வாசல் அமெரிக்காவில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான மார்மன் சபை. 1891இல் மார்மன் பிரச்சாரகர்கள் டோங்காவுக்கு வந்தார்கள். இன்று ஐந்தில் ஒருவர் அந்தச் சபையைச் சேர்ந்தவர் என்கிறது டோங்காவின் சொந்தக் கணக்கெடுப்பு. ஹவாயின் லாயே ஊரில் சபை 1955இல் கல்லூரியும் 1963இல் பாலினேசியக் கலாச்சார மையமும் திறந்தது. அங்கே படிக்க, ஆட, கட்டட வேலை செய்ய வந்தவர்கள் அப்படியே சபையின் தலைமையகம் இருக்கும் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டிக்கு நகர்ந்தார்கள். பிறகு 1965 குடியேற்றச் சட்டத்தின் குடும்ப ஒதுக்கீடு: ஒருவருக்குக் குடியுரிமை கிடைத்தால் அண்ணன், தம்பி, அம்மா, அப்பா. சுற்றுலா விசாவில் வந்து காலம் கடந்து தங்கியவர்களும் உண்டு, குறைவாகவும் இல்லை. இருந்தாலும் அவர்களை ஒளித்துவைக்கவும், சாப்பாடு போடவும், காகிதம் சரியாகும்வரை தாங்கவும் ஒரு வீடு எப்போதும் இருந்தது.

கணக்கு எங்கே தவறுகிறது

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி டோங்கா ஆண்களில் நிறையப் பேருக்கு மரம் வெட்டுதல், தோட்ட அமைப்பு, கல் சுவர், காங்கிரீட் வேலை. பெண்கள் பலர் வயதானவர்களின் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார்கள். இன்னொரு கூட்டம் விமான நிலையங்களில். டெக்சாஸின் யூலெஸ் ஊரில் டோங்காச் சமூகம் உருவானதே பக்கத்து டல்லாஸ் விமான நிலைய வேலையால்தான். விமான நிறுவன ஊழியருக்குக் கிடைக்கும் சலுகை டிக்கெட்டில் ஊர் போய்வரலாம் என்பது பெரிய கவர்ச்சி. அந்த ஊரின் டிரினிட்டி உயர்நிலைப் பள்ளி அணி, ஆட்டத்துக்கு முன் ஆடும் போர் நடனத்தோடு 2005, 2007, 2009 ஆண்டுகளில் மாநில அமெரிக்கக் கால்பந்துக் கோப்பையை வென்றது.

தனிநபர் வருமானத்தை எடுத்தால் டோங்காக்காரர்கள் அமெரிக்கப் பட்டியலின் அடிப்பகுதியில் இருப்பார்கள். குடும்ப வருமானத்தை எடுத்தால் அவ்வளவு மோசமாகத் தெரியாது. காரணம் எளிது: ஒரு வீட்டில் தாத்தா பாட்டி, கல்யாணமான இரண்டு பிள்ளைகள், படிக்க வந்த அண்ணன் மகன் என்று பலர். சம்பளம் மூன்று நான்கு வரும், வகுக்கும் எண்ணும் பெரிதாகும். வாடகை நெருக்குவதும் உண்மைதான். ஆனால் அந்த நெரிசல் ஒரு பகுதி விருப்பம், ஒரு பகுதி கட்டாயம். அதிகாரியின் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே கட்டம்தான்.

அந்தக் கட்டத்திலும் அவர்கள் நீண்ட காலம் கண்ணுக்குத் தெரியவில்லை. 1997 வரை அரசின் இனப் பட்டியலில் ஆசியர்களையும் பசிபிக் தீவினரையும் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். சிலிக்கன் பள்ளத்தாக்கின் சீன, இந்தியப் பொறியாளர்களோடு மரம் வெட்டும் டோங்காக்காரரைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அவர் காணாமல் போவார். 2000 கணக்கெடுப்பில்தான் தனிக் கட்டம் வந்தது. 2020இல் கொரோனா வந்தபோது கலிபோர்னியாவிலும் யூட்டாவிலும் பசிபிக் தீவினர் மிக அதிகமாகப் பாதிக்கப்பட்டது தெரிந்ததே இந்தத் தனிக் கட்டத்தால்தான். வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலை, பெரிய வீடு, கூடிப் பாடும் தேவாலயம், அதிக நீரிழிவு எல்லாம் சேர்ந்த விளைவு அது.

நிகரகுவாக்காரர்களிடம் பிரச்சினை வேறு மாதிரி. எல் சால்வடோர், குவாத்தமாலா, ஹோண்டுராஸ் குடியேறிகளைவிட அவர்கள் சராசரியில் அதிகம் படித்தவர்கள். ஆனால் எண்பதுகளின் மயாமியில் மனாகுவா வழக்கறிஞர் கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழித்தார், ஆசிரியை விடுதி அறை துடைத்தார். மொழி தடையே இல்லை, நகரத்தில் பாதிப் பேர் ஸ்பானியம் பேசுபவர்கள். தடை தொழில் உரிமமும் காகிதமும்தான். ஸ்வீட்வாட்டர் பகுதிக்குக் குட்டி மனாகுவா என்று பெயர் வந்தது. கரி அடுப்பில் சுட்ட மாட்டிறைச்சியும் காயோபின்ட்டோ என்ற அவரைச் சோறும் விற்கும் ஃப்ரிட்டாங்கா கடைகள் வந்தன. கவிஞர் ரூபன் டாரியோ பெயரில் பள்ளி வந்தது. டிசம்பர் 7 இரவில் மாதாவின் பாட்டைப் பாடி வீடு வீடாக இனிப்பு வாங்கும் கிரிட்டேரியா விழாவும் மயாமியில் நடக்கிறது. பண்பாடு வேரூன்ற அதிக நாளாகவில்லை. முதலீடுதான் தயங்கியது. அடுத்த வருடம் இங்கே இருப்போமா என்று தெரியாதவர் கடைக்கு ஐந்து வருடக் குத்தகை எழுதுவாரா?

ஊருக்குப் போகும் பணம்

இரண்டு நாடுகளும் வெளிநாட்டுப் பணத்தில் ஓடுபவை. நிகரகுவாவுக்கு 2023இல் சுமார் 466 கோடி டாலர் வந்தது. நாட்டின் மொத்த உற்பத்தியில் நாலில் ஒரு பங்குக்கு மேல். டோங்காவில் சில ஆண்டுகளில் இந்த விகிதம் நாற்பது சதவீதத்தையும் தாண்டி, உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருக்கிறது. 2022 ஜனவரி 15 அன்று ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்துக் கடலடிக் கேபிள் அறுந்தபோது சுமார் ஐந்து வாரம் இணையம் முடங்கியது. அப்போது மக்கள் பதறிய விஷயங்களில் ஒன்று, பணம் எப்படி வரும் என்பது.

நிகரகுவாக்காரர் அனுப்பும் பணம் பெரும்பாலும் அம்மாவுக்கு, பிள்ளைக்கு, மருந்துக்கு. வட்டம் சிறியது, உறவு நெருக்கமானது. இதில் ஒரு கசப்பும் உண்டு. யாருடைய ஆட்சியிலிருந்து ஓடினார்களோ அந்த ஆட்சியின் பொருளாதாரத்தை ஓடிவந்தவர்களின் கூலியே தாங்கிப் பிடிக்கிறது. அனுப்பாமல் இருக்கவும் முடியாது.

டோங்காவில் பணம் போகும் வட்டம் மிகப் பெரியது. அப்பாவின் அக்காவுக்கு அங்கே தனி இடம். கல்யாணத்திலும் சாவிலும் முதல் மரியாதையும் நல்ல பாயும் மரப்பட்டைத் துணியும் அவருக்குத்தான் போக வேண்டும். நம்மூர் விசேஷத்தில் தாய்மாமன் சீர் கொண்டுவருகிறவர். அங்கே அத்தை சீர் வாங்குகிறவர். சாவு வீட்டுக்கு நூற்றுக்கணக்கான பேருக்குப் பன்றியும் கிழங்கும். புராட்டஸ்டன்ட் பிரிவான வெஸ்லியன் சபைகளில் ஆண்டுக் காணிக்கையைக் குடும்பத்தின் பெயரையும் தொகையையும் சேர்த்துச் சத்தமாகப் படிப்பார்கள். போன வருடத்தைவிடக் குறைத்தால் தெருவே பேசும். இதற்காகக் கடன் வாங்கியவர்கள் உண்டு. இரண்டாம் தலைமுறை இளைஞர்கள் இதைத்தான் வீட்டில் அதிகம் எதிர்க்கிறார்கள்.

போக்குவரத்து ஒரே திசையில் மட்டும் இல்லை. ஊரிலிருந்து பாய், பட்டைத் துணி, பானம் தயாரிக்கும் கவா வேர் எல்லாம் பெட்டி பெட்டியாக வரும். நல்ல பாய்க்கு டோங்காவிலும் ஆக்லாந்திலும் அடகு மதிப்பு உண்டு. வழிதவறும் பையனை ஊருக்கு அனுப்பித் தாத்தாவிடம் விடுவார்கள். தொண்ணூறுகளில் சால்ட் லேக் சிட்டியில் டோங்கா இளைஞர் கும்பல்கள் தலைதூக்கியபோது பல பெற்றோர் இதைத்தான் செய்தார்கள். குற்றத்துக்குத் தண்டனை பெற்றுக் குடியுரிமை இல்லாததால் நாடுகடத்தப்பட்டவர்கள் வேறு கணக்கு. அமெரிக்க உச்சரிப்போடு, டோங்கா மொழி தடுமாற, தலைநகர் நுகுஅலோஃபாவில் வந்து இறங்கும் அவர்களை அந்தப் பெரிய உறவு வட்டமே ஏற்றுக்கொள்ளத் தயங்குகிறது.

இந்தப் பழக்கங்களை வீண் செலவு என்று தள்ளும் பொருளாதாரக் கட்டுரைகள் எனக்கு ஒப்பவில்லை. காகிதம் இல்லாத ஒருவரை ஐந்து வருடம் தாங்கியது இந்தச் செலவில் கட்டிய வலைதான். அதேசமயம், மகளின் கல்லூரிக் கட்டணத்தை விழுங்கியதும் இதே வலை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அரசியலில் யார் குரல்

2006 ஜூலை 5 அன்று 101ஆம் எண் நெடுஞ்சாலையில், மென்லோ பார்க் அருகே, பந்தயம் ஓட்டிவந்த கார் ஒன்று மோதியதில் டோங்கா இளவரசர் துயிபெலெஹேக்கேயும் அவருடைய மனைவி இளவரசி கைமானாவும் ஓட்டுநரும் இறந்தார்கள். இளவரசர் அங்கே ஏன் வந்தார்? அரசியல் சீர்திருத்தக் குழுவின் சார்பில், வளைகுடாப் பகுதி டோங்காக்காரர்களின் கருத்தைக் கேட்க. ஒரு நாட்டின் அரசியலமைப்பை மாற்றுவதற்கு முன் வெளிநாட்டுப் புறநகர் ஒன்றில் கூட்டம் போட வேண்டியிருந்தது என்பதே அந்தச் சமூகத்தின் எடையைச் சொல்லும். அந்த நவம்பரில் தலைநகரின் கடைவீதி கலவரத்தில் எரிந்தது. 2010 தேர்தலில்தான் 26 இடங்களில் 17ஐ மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

நிகரகுவாக்காரர்களின் அரசியல் ஊருக்கு ஊர் பிளந்தது. எழுபதுகளில் மிஷன் பகுதி சாண்டினிஸ்டா ஆதரவின் மையம். எண்பதுகளில் மயாமி கான்ட்ராக்களின் கொல்லைப்புறம். ஒன்றுபட்ட குரல் இல்லாததால் நகாராவுக்கும் கியூபாக்காரரின் தோள் தேவைப்பட்டது. 2018 ஏப்ரல் போராட்டத்தில் முந்நூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட பிறகு, பழைய சாண்டினிஸ்டாக்களும் அவர்களுடைய பழைய எதிரிகளும் ஒரே நாடுகடத்தல் பட்டியலில் வந்து நின்றது வரலாற்றின் விசித்திரம்.

அமெரிக்காவுக்கு வெளியேயும் இதே வேறுபாடு தெரிகிறது. கோஸ்டா ரிக்காவில் 2011 கணக்கெடுப்பில் நிகரகுவாவில் பிறந்தவர்கள் 2,87,000க்கு மேல். காபி பறிப்பு, கட்டுமானம், வீட்டுவேலை எல்லாம் அவர்கள் கையில். 2018 ஆகஸ்டில் சான் ஹோசேவில் அவர்கள் கூடும் பூங்காவை நோக்கியே ஒரு வெறுப்புக் கூட்டம் கிளம்பியது. நியூசிலாந்தில் எழுபதுகளில் விடியற்காலையில் போலீஸ் கதவைத் தட்டி விசா முடிந்த பசிபிக் தீவினரை இழுத்துப்போனது. 2021 ஆகஸ்ட் 1 அன்று பிரதமர் ஜசிந்தா ஆர்டர்ன், பசிபிக் மக்களின் மன்னிப்புச் சடங்கின்படி தலைக்கு மேல் பாய் போர்த்தப்பட்டு அமர்ந்து, அதற்கு மன்னிப்புக் கேட்டார். ஆக்லாந்தில் பசிபிக் மக்கள் பெரிய வாக்கு வங்கி. கோஸ்டா ரிக்காவின் நிகரகுவாக்காரர்களில் வாக்கில்லாதவர்கள் ஏராளம்.

இப்போது

2022 நிதியாண்டில் மட்டும் அமெரிக்கத் தென்னெல்லையில் நிகரகுவாக்காரர்களை 1,60,000 தடவைக்கு மேல் பிடித்தார்கள். 2023 ஜனவரியில் பைடன் அரசு, அமெரிக்காவில் பொறுப்பாளர் இருந்தால் இரண்டு வருடத் தற்காலிக நுழைவு என்ற திட்டத்தைத் திறந்தது. 90,000க்கு மேற்பட்ட நிகரகுவாக்காரர்கள் அதில் வந்தார்கள். 2025 மார்ச்சில் டிரம்ப் அரசு அதை ரத்து செய்தது, மே மாதம் உச்சநீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. ஜூலையில் 1999இன் தற்காலிகப் பாதுகாப்பையும் முடிப்பதாக அறிவித்தார்கள், வழக்குகள் தொடர்ந்தன. எண்பதுகளின் பாடம் அப்படியே திரும்புகிறது. ஒர்டேகாவை எதிரி என்று சொல்லும் அரசே அவரிடமிருந்து ஓடிவந்தவர்களின் காகிதத்தைக் கிழிக்கிறது.

இந்த முறை டோங்காக்காரர்களும் தப்பவில்லை. 2025 டிசம்பரில் வந்த அதிபர் பிரகடனம், விசா காலம் கடந்து தங்குபவர்களின் விகிதத்தைக் காட்டி டோங்காவைப் பகுதித் தடைப் பட்டியலில் சேர்த்தது. குடியேற்ற விசா, சுற்றுலா விசா, மாணவர் விசா மூன்றும் அதில் அடக்கம். யூட்டாவில் ஒரு சாவு என்றால் முதல் பாயை வாங்க வேண்டிய அத்தை ஊரில் இருப்பார். அவருக்கு விசா கிடையாது. ஐம்பது வருடமாக உறவின் பலத்தில் வாசலைத் தாண்டிய சமூகம் முதல் தடவையாக நிகரகுவாக்காரர்களின் பிரச்சினையோடு அதே வரிசையில் வந்து நிற்கிறது. குடியேற்ற வழக்கறிஞர்களும் இலவசச் சட்ட உதவி மையங்களும் மிஷன் பகுதியில் நாற்பது வருடமாகப் பழகிப்போன விஷயம். சான் மட்டேயோ தேவாலயங்கள் அவர்களிடம் இப்போது கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.